குமாரி ஜயவர்தனவின் நூல்: வாங்கலாமா?

வெள்ளவத்தையில் ஒரு கடையில் 'பெமினிசம் அண்ட் நேஷனலிசம் இன் த தேர்ட் வேர்ல்ட்' (மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியவாதமும்) நூலின் 2016 மறுபதிப்பைக் கண்டதும் வாங்கிவிட்டேன். கட்டாயம் வாங்கலாம். முதலில் வந்தது 1986இல். எழுதியவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் அரசறிவியல் படிப்பித்தவர்.

பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று இங்கே எத்தனை பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்! அதற்கு இவர் எகிப்து, துருக்கி, ஈரான், சீனா, ஜப்பான், இலங்கை என்று நாடு நாடாகப் போய், பெண்கள் அந்நிய ஆட்சியையும் சொந்த வீட்டு ஆதிக்கத்தையும் சேர்த்தே எதிர்த்த வரலாற்றை எடுத்து வைக்கிறார், அதுவும் எந்த வர்க்கத்துப் பெண்கள், யாருடைய நலனுக்காக என்று கேட்டுக் கேட்டு. அந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தை ஆய்வு செய்தவர் அல்லவா, 1893 அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முதல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க வரை 1972இல் வந்த இன்னொரு நூலில் எழுதியவர், அந்தக் கண் இதிலும் இருக்கிறது.

குறை என்றால், நாட்டுக்கொரு அத்தியாயம் என்பதால் சில இடங்களில் ஓட்டமாக ஓடுகிறது, இலங்கைப் பகுதி எனக்குப் போதவில்லை. கம்பஸ் பிள்ளைகளுக்கு விலையும் கொஞ்சம் கூடத்தான். அப்படியென்றால் நூலகத்தில் எடுத்து, முன்னுரையைத் தாண்டி நேரே இலங்கை அத்தியாயத்தில் தொடங்குங்கள்.