அடக்குவதா, இணக்குவதா?

காணும் பொங்கல் ரேக்ளாவுக்காகக் குட்டிக்குதிரை வாங்குகிறவர்கள், திருக்கடையூர் பக்கமானாலும் தரங்கம்பாடி பக்கமானாலும், முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாளில் வண்டிக்குப் பழகும்?

அடக்கினால் பத்தே நாள். கடிவாளம் மாட்டிய அன்றைக்கே வண்டியில் பூட்டி, திமிறினால் சவுக்கு. இணக்கினால் இரண்டு மாதமாவது ஆகும்.

பத்து நாளில் 'அடங்கிய' ஒரு குட்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அசையவில்லை. ஆனால் கண்ணோரம் வெள்ளை தெரிந்தது, வாய் இறுகியிருந்தது, லத்தி தண்ணீராகப் போயிருந்தது. அது பழகவில்லை, ஒடுங்கிப்போயிருந்தது.

பயந்ததும் அட்ரினலின் பாய்ந்து இதயம் படபடக்கும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. மிரண்டால் நூறைச் சாதாரணமாகத் தாண்டும். கொஞ்ச நேரத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், அதை எச்சிலிலேயே அளக்கலாம். ஐரோப்பாவில் 3 வயதுக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கியபோது அளந்து பார்த்தார்கள். முதன்முதலாக முதுகில் ஆள் ஏறிய நேரம்தான் அவற்றை ரொம்பவே உலுக்கியது. நம் குட்டிகளுக்கு வண்டியின் ஏர்க்கால் முதன்முதலாக விலாவில் உரசும் நேரம் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனால் கார்டிசால் ஓடினாலும் ஏறும், இயல்பாகவே காலையில் கூடி சாயங்காலம் குறையும். அதனால் எண்ணோடு கண்ணையும் காதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இணக்கும் வழியில் முதல் வாரம் வண்டியே கிடையாது. கையில் கொள்ளு, பிடரிமயிர் முடியும் இடத்தில் சொறிந்துகொடுப்பது, அவ்வளவுதான். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அங்கேதான். அங்கே சொறிந்தால் துடிப்பு இறங்கும். கீழுதடு தளர்ந்து தொங்கினால் சரி, அன்றைக்கு அது போதும். அப்புறம் ஏர்க்காலுக்குப் பதில் இரண்டு மூங்கில். மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் ஆற்று மணலில் நடத்திவிட்டால், விழுந்தாலும் அடி குறைவு.

கயிற்றை இழுப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. பஸ் வரும் ரோட்டில் கொள்ளு உதவாது. லகானை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். குட்டி நின்ற அந்த நொடியே கையைத் தளர்த்திவிட வேண்டும். பழைய ஆட்கள் புதுக்குட்டியை வயசான குதிரை பக்கத்தில் கட்டி நடத்துவார்களே, அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முதுகெலும்பு முற்ற 5 வயதுக்கு மேலாகும். இரண்டு வயதுக் குட்டியோடு வருகிறவர்களிடம் இந்தப் பொங்கலை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.