மிட்நைட் லைட்னிங்: விளிம்பைப் பிடித்தால் பாதிதான் முடிந்தது

மிட்நைட் லைட்னிங் என்பது கயிறில்லாமல் ஏறும் ஒரு பாறை வழி. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இதைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டாம். மேல் யோசெமிட்டி அருவிக்கு ஏறும் பாதை தொடங்குகிற இடத்தை ஒட்டி கேம்ப் 4 கூடார முகாம் இருக்கிறது. உள்ளே நடுவாக்கில் நிற்கும் பெரிய கிரானைட் பாறைதான் கொலம்பியா போல்டர். அதைச் சுற்றி வாருங்கள். முன்பக்கம் சாய்ந்து தொங்கும் முகத்தில் சாக்பீஸால் தீட்டிய வெள்ளை மின்னல் தெரியும். அந்த இடம்தான்.

1978-ல் ரான் கவுக் முதலில் ஏறினார், அடுத்தவர் ஜான் பேக்கர். பெண்களில் முதலில் ஏறியவர் லின் ஹில், 1998-ல். தரம் வி8; 'வி' என்பது இத்தகைய பாறை வழிகளின் கடினத்தைக் குறிக்கும் அளவு, எண் கூடக்கூடக் கடினம். இன்று இதைவிடக் கடினமானவை எத்தனையோ உண்டு. ஆனாலும் செயற்கைச் சுவர் ஏறும் ஜிம்மில் வி8 ஏறுகிறவர்கள் இங்கே திணறுவார்கள். காரணம் கடைசி அசைவு.

தொடக்கப் பிடிகள் நல்லவை, அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். அடுத்து மின்னல் வடிவப் பிடி. ஒரு கை அதை எட்டியதும் கால்களை உயர்த்தி, இடுப்பைப் பாறையோடு ஒட்டி, மற்ற கையை விளிம்புக்கு எறிய வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் விரல் நுனிதான் படும். காலால் உந்த வேண்டும். விளிம்பு சிக்கியதும் கால் இரண்டும் பிய்ந்து உடல் வெளியே வீசும். அந்த வீச்சில் பிடி நழுவினால் முதுகுதான் முதலில் தரையைத் தொடும். ஆகவே விழுந்தால் தாங்கும் மெத்தையான கிராஷ் பேட் மூன்று இருந்தால் ஒன்று தொடக்கத்துக்கு, இரண்டு வீச்சு போகும் திசைக்கு. விழும்போது உங்களை மெத்தைப் பக்கம் திருப்பிவிடும் துணையாளரான ஸ்பாட்டர் உங்கள் தோளையும் இடுப்பையும் பார்த்து நிற்கட்டும்.

இனிதான் அந்தக் கடைசி அசைவு, மேன்டல். இரண்டு கையும் விளிம்பில் சேர்ந்ததும் குதிகாலை மேலே கொளுவி, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, அதன்மேல் உடலைத் தூக்கி அழுத்த வேண்டும். விளிம்பு உருண்டையாக இருப்பதால் இழுத்துக்கொண்டே ஏற முடியாது. முழங்கை உள்ளங்கைக்கு நேர்மேலே வருமுன் அழுத்தத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கை நடுங்கி, அங்கிருந்தே விழுகிறார்கள். முகாமிலுள்ள தாழ்ந்த பாறைகளில் மேன்டலை மட்டும் பத்து முறை செய்து பழகிவிட்டு வாருங்கள். இதற்காகவே ஒரு நாள் ஒதுக்கினாலும் தகும்.

இத்தனை ஆண்டுகளில் ஏராளமானோர் மிதித்ததால் கால் வைக்கும் இடங்கள் பளபளவென்று வழுக்குகின்றன. செருப்பு மண்ணோடு பாறையில் கால் வைக்காதீர்கள். ஷூ அடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். கோடை நடுப்பகல் வீண், வியர்வையில் பிடி நிற்காது. வசந்தமும் இலையுதிர்காலமும் நல்லவை, அதிலும் காலையின் குளிர். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஐந்து நிமிடமாவது ஓய்வு எடுங்கள். இல்லையேல் மேன்டலுக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிராது.

மேலே போனபின் இறங்கும் வழியைத் தேடாமல், ஏறுமுன்னே பார்த்து வையுங்கள். சாப்பாட்டுப் பையைப் பாறையடியில் விட்டுவிட்டு ஏறக்கூடாது. கரடி நடமாடும் இடம், முகாமின் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கிளம்பும்போது மென்மையான பிரஷால் பிடிகளில் படிந்த சாக்கை, அதாவது கையில் பூசும் வெள்ளைத் தூளை, தேய்த்துவிடுங்கள், கம்பி பிரஷ் ஆகவே ஆகாது. சாக்பீஸால் தீட்டிய மின்னலை மட்டும் தொடாதீர்கள்.