இடுப்பு வலிக்குக் குமுளித் தைலமா, சித்தா சூரணமா, கடை மாத்திரையா?

ஏலக்காய் கைக்கெட்டுகிற உயரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், தரையோடு தரையாக ஓடும் சரத்தில் காய்க்கும். காய் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தேதான் இருக்க வேண்டும். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூரிலிருந்து ஜீப் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும் அக்காமார்களிடம் "இடுப்பு எப்படி?" என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஜீப்பை ஓட்டுகிற எனக்கும் மலை ரோடு வலி வைத்திருப்பது அதே இடத்தில்தான்.

மாத்திரை சீக்கிரம் கேட்கும். டைக்ளோஃபினாக் போட்டால் கொஞ்ச நேரத்தில் வலி அடங்கும், அன்றைய கூலி போகாது. ரெண்டு மூணு நாளைக்குச் சரி. வெறும் வயிற்றில் கட்டன் சாயாவோடு மாசக்கணக்கில் முழுங்கினால் வயிற்றில் புண் வரும். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிட்னியும் அடிவாங்கும்.

கேரள எல்லையில் இருக்கிற குமுளியில் டூரிஸ்ட் மசாஜ் கடையை விடுங்கள், ஆயுர்வேத வைத்தியசாலையைச் சொல்கிறேன். விறைப்போடு வரும் வாத வலிக்குக் கொட்டஞ்சுக்காதி தைலம்: கோட்டம், சுக்கு, வசம்பு, பூண்டு, கடுகு எல்லாம் நல்லெண்ணெயில் காய்ச்சியது. அடிபட்டாலோ சுளுக்கினாலோ முறிவெண்ணெய், இது தேங்காய் எண்ணெயில். இந்த வித்தியாசம் தெரியாமல் சுளுக்குக்கும் பழைய வலிக்கும் ஒரே பாட்டிலைத் தேய்த்தவன் நான். ராத்திரி தேய்த்து வெந்நீர் ஊற்றினால் சுகம்தான். ஆனால் கிழி (மருந்து மூட்டை ஒத்தடம்), பிழிச்சில் (உடம்பில் வெது எண்ணெய் ஊற்றித் தேய்ப்பது) என்று முழு சிகிச்சை வேண்டுமென்றால் லீவு போட்டுப் படுக்கணும். "கர்க்கடகத்தில் வாங்க" என்றார் வைத்தியர். நம்ம ஆடி மாசம். காய் எடுப்பு தொடங்குகிற நேரத்தில் எவன் படுப்பான்?

சித்தா பிரிவு நம்ம பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அங்கே தரும் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணத்தின் பங்குக் கணக்கு எனக்குப் பிடிக்கும்: கிராம்பு 1, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. மலையில் எடுத்த ஏலம் சூரணமாகி அக்காவின் கைக்கே திரும்பி வருகிறது! கடைசி எண்ணைக் கவனியுங்கள், பாதி சர்க்கரை. சுகர் உள்ளவர்கள் சித்தா டாக்டரிடம் முதலிலேயே சொல்லணும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் அப்படித்தான். குணம் தெரிய வாரக்கணக்காகும். மருந்துக்குக் காசில்லை, ஆனால் ஓ.பி. காலையில்தான். ஒரு நாள் கூலி போச்சு.

லேபிள் இல்லாத பொட்டலப் பொடியை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை. "ஒரே நாளில் வலி போச்சு" என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

என் தேர்வு? தினசரிக்குத் தைலம், காய் எடுப்பு ஓய்ந்த மாசங்களில் சூரணம், தாங்காத நாளுக்கு மட்டும் சாப்பிட்ட பிறகு மாத்திரை. எங்கள் ஜீப்பில் ஓர் அக்கா மூன்றையும் ஒரே பையில் வைத்திருக்கிறார், டாக்டர் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வார். அதுதான் எனக்குப் பயம்.

கால் மரத்துப்போனாலோ, ஒன்றுக்கு அடக்க முடியாமல் போனாலோ இந்த மூன்றும் வேலைக்கு ஆகாது. உடனே கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிதான், அதாவது தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அந்த டிரிப்புக்கு நான் வாடகை வாங்குவதில்லை.