புயல் இரவில் சாவி யாரிடம்?

புயல் உருவானதாகச் செய்தி வந்ததும் கடலோர ஊராட்சிகளில் எழும் முதல் கேள்வி, மக்களை எந்தக் கட்டடத்தில் தங்கவைப்பது என்பதுதான். தமிழகக் கடற்கரையில் இதற்குப் பெரும்பாலும் மூன்று விடைகள் உண்டு: அரசுப் பள்ளி, சமுதாயக் கூடம் அல்லது கல்யாண மண்டபம், பல்நோக்கு பேரிடர் பாதுகாப்பு மையம்.

பள்ளியின் பலம் அதன் பழக்கம். நள்ளிரவில் கண்ணைக் கட்டி விட்டாலும் ஊர்க்காரர் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கும், அவரது எண் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும். அதைவிடப் பெரிய வசதி சத்துணவுக் கூடம். அடுப்பும் பெரிய பாத்திரங்களும் அங்கேயே இருப்பதால் முதல் வேளைக் கஞ்சிக்கு யாரும் ஓட வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறுவதற்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்து வரப்பட்டிருந்தார்கள். பள்ளிக் கட்டடங்களை நம்பாமல் அந்த வேலை நடந்திருக்காது.

இடக்கணக்கைப் பார்த்தால் உற்சாகம் குறைகிறது. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் தங்குமிடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது சர்வதேச நிவாரண நெறிமுறை. 20 அடிக்கு 20 அடி வகுப்பறை சுமார் 37 சதுர மீட்டர். அதாவது பத்துப் பேருக்குத்தான் போதும். புயல் இரவில் அதே அறையில் முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் இரவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கஜாவுக்குப் பிறகு நடந்ததுபோல் வீடு இழந்தவர்கள் நாள்கணக்கில் தங்க நேர்ந்தால், நெருக்கடி கழிப்பறையில்தான் முதலில் தெரியும். பெஞ்சுகள் வராந்தாவில் அடுக்கிக் கிடக்க, அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பள்ளி நாட்காட்டி தெரியாது. முகாமாகிற பள்ளி நிவாரணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளின் படிப்பைக் கொடுக்கிறது. அந்தச் செலவு எந்த நிவாரணக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மண்டபத்தில் சமையல்கட்டு, பந்திக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பெரும்பாலும் ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். ஒரே நேரத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு போடுவதற்கென்றே கட்டிய இடம் அது. சிக்கல் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் புயல் மாதங்கள் மட்டுமல்ல, முகூர்த்த மாதங்களும்தான். முன்பணம் கொடுத்த பெண் வீட்டாரிடம் போய் "முகாம் போடப் போகிறோம்" என்று சொல்லும் துணிச்சல் எந்த ஊராட்சித் தலைவருக்கும் சுலபமாக வராது. போதாததற்குச் சமுதாயக் கூட வாடகை ஊராட்சிக்கு வருமானம். தனியார் மண்டபம் என்றால் வாடகைப் பேச்சு வேறு.

பாதுகாப்பு மையம் கட்டட வலுவில் மற்ற இரண்டையும் ஓரங்கட்டிவிடும். உலக வங்கி உதவியுடனான கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டத்தில் தமிழகக் கடலோரத்தில் இத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேல் எழுந்தன. ஆனால் புயலே வராத ஆண்டில் அதைத் திறப்பது யார்? கூட்டிப் பெருக்குவது, மோட்டாரை ஓட்டிப் பார்ப்பது, மின்கட்டணம் கட்டுவது யார் பொறுப்பு? வருவாய்த் துறையும் ஊராட்சியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் தேவைப்படும் நாளில் குழாயில் தண்ணீர் வராது. புறம்போக்கு கிடைத்த இடத்தில் கட்டப்பட்டு ஊரை விட்டுத் தள்ளி நின்றால், காற்று சுழன்றடிக்கத் தொடங்கிய பிறகு அங்கே போக யாரும் இறங்க மாட்டார்கள்.

ஒடிசாவின் அனுபவத்தை இங்கே பார்க்கலாம். 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு புயல் காப்பகங்களைப் பெருக்கியதோடு, அவற்றைச் சாதாரண நாளில் வகுப்பறையாகவும் ஊர்க் கூட்ட இடமாகவும் பயன்படுத்தி, பராமரிப்பை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். 2013 பைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்ற முடிந்தது. இறந்தவர்கள் சில பத்துப் பேர். முன்னறிவிப்பு மேம்பட்டதும் இதற்குக் காரணம்தான். இருந்தாலும் தினமும் திறக்கிற கதவுதான் புயலன்றும் உடனே திறக்கிறது.

ஆகவே என் தேர்வு, காப்பகமாகவே வடிவமைத்துக் கட்டிய பள்ளிக் கட்டடம். புதிய வகுப்பறைகள் கட்டும் பணம் வரும்போது தூண்களையும் மேல்தளத்தையும் அதற்கேற்பப் போட்டுவிட்டு, முகாமுக்கெனத் தனிக் கழிப்பறை வரிசை ஒன்றைச் சேர்த்தால் போதும். பள்ளியை மறுநாளே திறக்க வேண்டிய ஊர்களில் மட்டும், வீடு இழந்தவர்களைச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றலாம். தூரத்தில் ஏற்கெனவே எழுந்து நிற்கும் மையங்களுக்கு அங்கன்வாடியையோ சுயஉதவிக் குழுக் கூட்டத்தையோ கொண்டுபோய்ச் சேர்ப்பதே வழி.

இந்த மூன்றில் எதிலுமே மாட்டுக்கு இடமில்லை. டெல்டாவில் பலர் வீட்டைவிட்டு நகர மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வங்கதேசக் கடலோரத்தில் கால்நடைகளுக்கென்றே மண்மேடுகள் எழுப்பி வைத்திருக்கிறார்கள். அடுத்த மதிப்பீட்டில் நம் பொறியாளர்கள் நூறு லோடு மண்ணையும் சேர்த்து எழுதலாம்.