வெளியே 16, உள்ளே 10: கீசரில் மாட்டிய ஸ்மார்ட் பிளக்

"மாப்ள, உன் வீட்ல இருக்கிற அந்த ஸ்மார்ட் பிளக் 399க்கு வந்திருச்சு. ரெண்டு வாங்கிப் போடட்டுமா?" என்று போன வாரம் நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். அன்றைக்குக் காலையில்தான் எலெக்ட்ரீஷியன் அண்ணன் எங்கள் வீட்டுப் பாத்ரூம் சுவரிலிருந்து உருகிப்போன சாக்கெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்திருந்தார். பதிலை அவனுக்கு மட்டும் அனுப்பினால் போதாது என்று இங்கே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாக்கெட்டில் செருகி, அதில் மாட்டிய சாதனத்தைப் போனிலிருந்தே போட்டு அணைக்க உதவுவதுதான் ஸ்மார்ட் பிளக். கீசரில் மாட்டியிருந்த இரண்டே கால் வருடத்தில் இந்த பிளக் கொடுத்த சுகம் கொஞ்சநஞ்சமல்ல. கோவையில் மார்கழிக் காலை. போர்வைக்குள் இருந்தபடியே போனில் ஒரு தட்டு; எழுந்து பல் விளக்குவதற்குள் வெந்நீர் தயார். பஸ் ஏறிய பிறகு "கீசரை அணைத்தோமா?" என்று பதறுவது அடியோடு நின்றுபோனது. அதற்கே நான் ஐந்து ஸ்டார் கொடுத்து ரிவ்யூவும் போட்டேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டுகிறது, கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வைஃபை கோளாறு என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிளக்கை ஒரு தட்டுத் தட்டியதும் 'டக்' என்று விளக்கு அணைந்தது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். உள்ளே ரிலே, அதாவது கரண்டைப் போட்டு அணைக்கும் குட்டி சுவிட்ச், அதன் இரண்டு முனைகளும் சூட்டில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஆப்புக்கு அது தெரிய வழியே இல்லை. தான் அனுப்பிய கட்டளையைத்தான் அது காட்டுகிறதே தவிர, உள்ளே கரண்ட் நிஜமாகவே நின்றதா என்று பார்ப்பதில்லை. அன்று தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்காமல் காப்பாற்றியது கீசருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்.

அப்புறம் மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை. பிளாஸ்டிக் தீய்ந்தால் சில சமயம் அப்படித்தான் வருமாம். வீட்டில் எல்லோரும் டிரைனேஜைச் சந்தேகப்பட்டோம்.

அண்ணன் பிளக்கைப் பிளந்து காட்டியபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெளி ஓட்டில் பெரிதாக 16A, அதாவது 16 ஆம்பியர் கரண்ட் வரை தாங்கும் என்று. உள்ளே நீல நிற ரிலேயின் தலையில் 10A. "இதென்னங்க சார், சட்டை ஒரு சைஸ், ஆளு ஒரு சைஸ்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரிலேயின் கால் அடியில் ஈயம் கருத்து, வட்டமாக வெடிப்பு விட்டிருந்தது. அங்கிருந்து கிளம்பும் செம்புத் தடம் சேமியா அகலம்கூட இல்லை. அதன்மேல் கூடுதல் ஈயமும் பூசவில்லை.

எங்கள் கீசர் 2000 வாட். 230 வோல்ட்டுக்கு 8.7 ஆம்பியர்தான் வரும். பத்துக்குள்தானே, தாங்க வேண்டாமா என்று நானும் கேட்டேன். புது ரிலே தாங்கும். ஆனால் ஒவ்வொரு முறை போட்டு அணைக்கும்போதும் உள்ளே ஒரு பொறி பறக்கிறது, முனைகள் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை வந்தாலே போதும், கிட்டத்தட்ட ஏழரை வாட் வெப்பம் அந்தத் தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் தங்கிவிடும். தினமும் அரை மணி நேரம்.

"எம்சிபி ஏன் விழலை?" என்பது என் அடுத்த கேள்வி. எம்சிபி என்பது மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச். லோடு மீறினால், ஷார்ட் ஆனால் அது விழும். இங்கே ஓடியது வழக்கமான 8.7தான். ஆர்சிசிபி என்ற இன்னொரு பாதுகாப்பு சுவிட்ச், கரண்ட் கசிந்தால் விழும். இங்கே கசியவும் இல்லை. இரண்டும் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன. சாக்கெட் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சிஇ என்ற எழுத்து இருக்கிறது. பெரும்பாலும் அது தயாரிப்பாளரே ஐரோப்பாவுக்காகப் போட்டுக்கொள்வது. நம்மூர் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, அதன் கீழே இருக்க வேண்டிய சிஎம்/எல் என்ற லைசென்ஸ் எண்ணும் இல்லை. இருந்திருந்தால், அந்த முத்திரையைத் தரும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டு அசலா என்று பார்த்திருக்கலாம். பார்த்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன். 549 ரூபாய்க்கு வந்த சந்தோஷத்தில் பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்கவில்லை.

ஆக, மாப்ள, உனக்கு என் பதில்: கீசர், இஸ்திரிப் பெட்டி, மோட்டார், ஏசி பக்கம் இதைக் கொண்டுபோகவே கொண்டுபோகாதே. போனிலேயே கீசரைப் போட்டாக வேண்டும் என்றால் அண்ணன் சொன்ன வழி, மெயின் போர்டில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய லோடுக்கான கனமான ரிலே. லோடை அது சுமக்கும், ஸ்மார்ட் சமாச்சாரம் அதைத் தூண்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். கொசு மெஷினுக்கும் திண்ணை எல்இடி பல்புக்கும் என்றால்... எனக்கும் சேர்த்து ஒன்று போட்டுவிடு. ஆமாம், இவ்வளவு திட்டிவிட்டுத்தான் சொல்கிறேன். திண்ணை விளக்கு ஆறு மணிக்குத் தானாக எரிவதை விட மனசு வரவில்லை.

சாக்கெட்டும் கூலியும் சேர்த்து 850 ஆனது. இப்போது கீசருக்குப் பழையபடி சுவிட்ச்தான். காலையில் எழுந்து வெறுங்காலோடு போய்ப் போட்டுவிட்டு, திரும்பப் போர்வைக்குள் ஓடி வருகிறேன்.