ஆயா வீடும் சி படிவமும்

அம்மானுக்கு (தாய்மாமாவுக்கு) அறுபது நிறைந்து சாந்தி (அறுபதாம் கல்யாணம்) வைத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிப் பக்கம் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முகப்பில் காலை வைத்ததும் ஆயா கேட்டது, "சாப்பிட்டியா?" அம்மான் கேட்டது, "பாஸ்போர்ட் நகல் வச்சிருக்கியா?"

போன வருஷம் அடுத்த தெருவில் மலேசிய உறவுக்காரர்கள் பத்து நாள் தங்கிப் போன பிறகு, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்தார்களாம். அதிலிருந்து அம்மானுக்கு இந்த விஷயத்தில் பயம்.

எனக்கு அதுவரை தெரியாது. விசா வாங்கியாயிற்று, முத்திரை குத்தியாயிற்று, அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஒரு வீட்டில் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக்காரர் காவல்துறைக்கான சி படிவத்தில் (அப்போது அதற்கு அந்தப் பெயர்) தகவல் கொடுக்க வேண்டும். ஓட்டல், சத்திரம் மட்டுமல்ல, தனி வீட்டுக்கும் இதே விதி. கடமை தங்குபவருக்கு அல்ல, தங்க வைப்பவருக்கு. அதாவது 84 வயது ஆயாவுக்கு.

மறுநாள் காலை பட்டாலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் வீட்டை ஒரு தங்குமிடமாகப் பதிந்து கணக்கு தொடங்க வேண்டும்: உரிமையாளர் பெயர், முகவரி, செல்பேசி எண், எத்தனை பேர் தங்கலாம் என்ற விவரம். அந்தக் கடைசிக் கேள்வியை ஆயாவிடம் கேட்டேன். "கல்யாணம்னா முந்நூறு பேர் படுப்பாக. சும்மா நாள்ல நான் ஒருத்தி." பத்து என்று போட்டேன். அடுத்து என் விவரம்: கடவுச்சீட்டு எண், விசா எண், எந்த ஊரிலிருந்து வந்தேன், என்று வந்தேன், எத்தனை நாள், அடுத்து எங்கே போகிறேன். புகைப்படம் பெரிதாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பித் தள்ளியது. அதைச் சுருக்கி ஏற்றவே அரை மணி நேரம். கையோடு மின்வெட்டு வேறு.

இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர், "இதெல்லாம் ஆன்லைன்ல செல்லாது, ஆபீசுக்கே போகணும்" என்று கிளப்பிவிட, ஓர் அரசு அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்தேன். "வெளிநாட்டுக்காரர்னா நேர்ல வந்து பதியணும்" என்று அங்கே ஒருவரும், "எங்களுக்கு அது சம்பந்தமில்லை" என்று இன்னொருவரும் சொன்னார்கள். வெயில்தான் மிச்சம்.

இரண்டு வேறு சமாச்சாரங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. படிப்பு, வேலை போன்ற நீண்ட கால விசாவில், 180 நாளுக்கு மேல் தங்க வருபவர்கள்தான் வந்த 14 நாளுக்குள் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும். மாவட்டங்களில் அதற்கான பதிவு அலுவலர் காவல் கண்காணிப்பாளர். என்னைப் போலச் சுற்றுலா விசாவில் இரண்டு வாரம் தங்க வந்தவருக்கு அது கிடையாது. வீட்டுக்காரர் கொடுக்கும் சி படிவம் மட்டும்தான். இதை நான்கு வரியில் எழுதி அந்த அலுவலகச் சுவரில் ஒட்டினால் எத்தனை பேருக்குப் புண்ணியம்!

சாந்திக்குக் கூட்டம் நிறைந்துவிட்டதால் என் ஒன்றுவிட்ட தம்பி கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு ஓட்டலில் அறை எடுத்திருந்தான். அவனிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது. எத்தனை நாள் இருந்தாலும் பதிவு தேவையில்லை என்று பெருமை பேசிக்கொண்டே வந்தவன். ஓட்டல்காரர்கள் அட்டையையும் கடவுச்சீட்டையும் நகலெடுத்து, காபி ஆறுவதற்குள் அவனுக்கும் படிவத்தைப் போட்டு முடித்துவிட்டார்கள். பழகிய கை. சொந்த வீட்டில் இருந்தவன்தான் நான் ஒன்றரை நாள் அல்லாடினேன்.

அன்று இரவு ஆயா இரும்புப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஓர் அட்டையைக் காட்டினார். ஐயா (தாத்தா) மலாயாவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போயிருந்தபோது, 1948இல் அவசரகாலத்தில் அங்கே எல்லோருக்கும் கொடுத்த அடையாள அட்டை. மங்கிய படம், கட்டைவிரல் ரேகை. மடிப்பில் கிழிந்து, யாரோ பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். "அவுக அங்க போயி ரேகை வச்சாக. நீ இங்க வந்து வைக்கிற," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினார்.

நான் வந்தபோது இருந்தது 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. தங்க வைப்பவர் தகவல் கொடுக்க வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் பதிவுத் தளத்தில் அன்றைய படிவம் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிந்தால் வீட்டுக் கணக்கை முன்கூட்டியே தொடங்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு, விசா நகல்களையும் சின்னதாக்கிய புகைப்படத்தையும் முதலிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், இறங்கிய அன்றே வேலை முடியும்.

ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து ஆயாவிடம் கொடுத்தேன். கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தேன். நான் திரும்பி இரண்டு மாதம் ஆனபோது அம்மானிடமிருந்து அழைப்பு. கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் வந்திறங்கிவிட்டார்களாம், நோட்டு தீர்ந்துபோய்ப் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டதாம். "அந்தக் கடவுச்சொல் என்னடா?"