கரண்ட் போய் வந்த பிறகு மோட்டருக்கு யார் சொல்வது? நான்கு வழிகள், ஒரு தண்ணீர்த் தாங்கி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 1000 லீற்றர் தாங்கி. கீழே தொட்டி, பக்கத்தில் மோட்டர். முன்பெல்லாம் தாங்கி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் அம்மம்மா, "தம்பி, மோட்டரை நிப்பாட்டு" என்று கூப்பிடுவார். அதற்காகத்தான் வைஃபை உள்ள ஈஎஸ்பி8266 என்ற சின்ன மின்னணுப் போர்டு இரண்டு வாங்கினேன். ஒன்று மாடியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும், மற்றது கீழே மோட்டரின் ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, இயக்கும். இரண்டும் எந்த வழியில் பேசிக்கொள்வது என்பதுதான் கேள்வி. நான்கு வழிகளை எழுதி ஓடவிட்டுப் பார்த்தேன். வேகத்தை நான் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. கரண்ட் போய் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை வைத்தே பார்த்தேன். 2022 மின்வெட்டுக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதலில் எச்டிடிபி, வெப் பக்கங்களைத் திறக்கும் அதே வழி. கீழே உள்ள போர்டில் சின்ன வெப் சேர்வர், மாடி போர்டு அதன் முகவரியைக் கூப்பிட்டு 'இயக்கு' என்று சொல்லும். போன் பிரவுசரிலேயே சோதித்துப் பார்க்கலாம், பழகுவதற்கு இதைவிட லேசான வழி இல்லை. ஆனால் கரண்ட் வந்ததும் ரவுட்டர் வேறு ஐபி முகவரி கொடுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும், ரவுட்டரில் முகவரியைப் பூட்டி வைக்க வேண்டும். சொல்லும் நேரத்தில் கேட்கும் போர்டு விழித்திருக்காவிட்டால் அந்தச் செய்தி போனதுதான். இரண்டு போர்டுக்குச் சரி. ஐந்தாகும்போது யார் யாரைக் கூப்பிடுகிறார் என்பது இடியாப்பச் சிக்கல்.

அடுத்தது கோஆப், சின்னக் கருவிகளுக்காக எச்டிடிபி பாணியில் செய்த இலேசான வழி. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2014இல் ஆர்எஃப்சி 7252 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, முன்கூட்டி இணைப்புப் போடாமலே செய்தி அனுப்பும் யூடிபி மேல் ஓடுகிறது, ஒவ்வொரு செய்தியின் தலைப்புப் பகுதியும் 4 பைட் மட்டுமே. திரெட் போன்ற ஒடுக்கமான ரேடியோ வலையில் அது பொருத்தம். வைஃபையில் போர்டு விழித்ததும் ரவுட்டரோடு சேர்வதற்கே பெரும் நேரம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு மிச்சம் பிடிக்கும் சில பைட்டுகளால், பற்றரியில் ஓடும் போர்டுக்குக்கூடப் பெரிய லாபம் இல்லை.

ஈஎஸ்பிஹோம் வேறு மாதிரி. போர்டுக்கான நிரலைத் தானே செய்து தரும் கருவி அது. சி++ எழுதத் தேவையில்லை, யாம்ல் என்ற எளிய அமைப்புக் கோப்பில் நாலு வரி போதும். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், ஈஎஸ்பிஹோமின் சொந்த ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) மூலம் 6053ஆம் போர்ட் எண்ணில் வந்து பேசும். படுக்கையறை விளக்குக்கும் வெப்பநிலை சென்சருக்கும் இன்றும் இதுதான் வைத்திருக்கிறேன், அருமையாக ஓடுகிறது. ஆனால் அந்த ஏபிஐயில் போர்டும் போர்டும் நேரடியாகப் பேசாது, நடுவில் ஹோம் அசிஸ்டன்ட் முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று: 15 நிமிடம் யாரும் வந்து இணையாவிட்டால் போர்டு தன்னைத்தானே ரீபூட் செய்யும், இயல்பான அமைப்பே அதுதான். மோட்டர் ஓடும் நடுவில் அது வேண்டாம் என்றால் அந்த நேரத்தைப் பூச்சியம் ஆக்கிவிடுங்கள்.

நான்காவது எம்கியூடிடி. எல்லாச் செய்தியும் புரோக்கர் என்ற நடுவர் மென்பொருள் வழியாகப் போகும் முறை. இதைத்தான் மோட்டருக்கு நான் தேர்ந்தேன். 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. அடிக்கடி அறுந்து போகும் இணைப்பை எதிர்பார்த்தே செய்த ஒன்று, அது இந்த வீட்டுக்கும் பொருந்துகிறது. மாடி போர்டு தண்ணீர் மட்டத்தை ஒரு டொபிக்கில், அதாவது பெயரிட்ட தலைப்பில், புரோக்கருக்குச் சொல்லிவிடும், யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியவே தேவையில்லை. 'ரிட்டெயின்' போட்டுச் சொன்னால் புரோக்கர் கடைசிச் செய்தியைக் கையில் வைத்திருந்து, புதிதாக வந்து கேட்பவருக்கு உடனே கொடுக்கும்.

அந்த வசதியிலேயே நான் அடிபட்டேன். போன் செயலியில் 'இயக்கு' கட்டளைக்கும் ரிட்டெயின் டிக் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் மோட்டர் ஓடும்போது கரண்ட் போனது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடிய மொஸ்கிட்டோ என்ற புரோக்கர் மென்பொருள் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தது. நள்ளிரவு தாண்டிக் கரண்ட் வந்ததும் கீழ் போர்டு எழும்பி இணைந்தது, புரோக்கர் பழைய 'இயக்கு'வை அதன் கையில் கொடுத்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. காலையில் மோட்டரைத் தொட்டால் கை சுட்டது, சீல் கருகிப் போயிருந்தது. நிலையை ரிட்டெயின் செய்யுங்கள், கட்டளையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்தது 'லாஸ்ட் வில்'. போர்டு இணையும்போதே, நான் சொல்லாமல் போனால் இந்தச் செய்தியை அறிவித்துவிடு என்று புரோக்கரிடம் ஒப்படைத்து வைக்கும். கீப்-அலைவ் என்பது, போர்டு தான் உயிரோடு இருப்பதைப் புரோக்கருக்குக் காட்ட வேண்டிய இடைவெளி. அதன் ஒன்றரை மடங்கு பொறுத்துவிட்டுப் புரோக்கர் அந்தச் செய்தியை அறிவிக்கும். போர்டில் எம்கியூடிடிக்கு நான் பயன்படுத்தும் பப்சப்கிளையன்ட் என்ற நிரல் நூலகத்தில் இயல்பான கீப்-அலைவ் 15 செக்கன், ஆகவே 22 செக்கனளவில் தெரிந்துவிடும். மாடி போர்டு 'இல்லை' என்று வந்தால் கீழ் போர்டு மோட்டரை நிறுத்தும். தன் இணைப்பே அறுந்தாலும் நிறுத்தும், அதைக் கட்டாயம் கோடில் எழுதுங்கள்.

டொபிக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியீடுதானே. 'வீடு' என்ற சொல்லே 12 பைட் எடுக்கும். அந்த நூலகத்தில் ஒரு செய்திக்கு ஒதுக்கும் இடம் இயல்பாக 256 பைட், மீறினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செய்தி போகாமலே நின்றுவிடும். அந்த இடத்தைக் கூட்டி வையுங்கள்.

எம்கியூடிடிக்குக் குறைகளும் உண்டு. புரோக்கர் விழுந்தால் எல்லாம் ஊமை. மொஸ்கிட்டோவில் செய்திகளைச் சேமிக்கும் வசதியை இயக்கினாலும் இயல்பாக 1800 செக்கனுக்கு ஒரு தடவைதான் டிஸ்கில் எழுதும், அதனால் ரவுட்டரும் ராஸ்பெரி பையும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். அதன் 2ஆம் பதிப்பிலிருந்து, புரோக்கர் இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டிய போர்ட் எண்ணை அதன் அமைப்புக் கோப்பில் எழுதாவிட்டால் வெளியிலிருந்து எந்தப் போர்டும் இணைய முடியாது. எழுதும்போதே கடவுச்சொல்லையும் போட்டுவிடுங்கள்.

இப்போது குசினிச் சுவரில் மூன்றாவது போர்டு ஒன்று இருக்கிறது. மற்ற இரண்டின் கோடிலும் ஒரு வரிகூட மாற்றாமல் சேர்த்தது. மாடி போர்டு பேச்சை நிறுத்தினால் சிவப்பு எல்ஈடி எரியும். அம்மம்மா அதைப் பார்த்துத்தான் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்.